சின்ன அறையில் பேண்ட் பிராக்டிஸ்: பாட்டு மட்டும் ஏன் கேட்பதில்லை?

புதிதாகப் பேண்ட் தொடங்கிய ஏறக்குறைய எல்லோருக்கும் இது நடக்கும். டிரம்ஸ் கேட்கிறது, கிட்டார் கேட்கிறது, பேஸ் கிட்டார் வயிற்றிலேயே வந்து அடிக்கிறது, பாடுபவர் வாயசைப்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. மைக் வால்யூமை ஏற்றினால் ஸ்பீக்கர் கூவ ஆரம்பிக்கிறது, இறக்கினால் பாட்டு மறுபடி காணாமல் போகிறது. இந்தக் கட்டத்தில் பெரும்பாலானவர்கள் "இன்னும் பெரிய ஸ்பீக்கர் வாங்கிவிடலாம்" என்று முடிவெடுப்பார்கள். அவசரப்பட வேண்டாம். பல நேரம் காசுதான் வீணாகும், பாட்டு அதே நிலையில்தான் இருக்கும்.

விஷயம் இதுதான். அறையில் இருக்கும் எல்லா வாத்தியங்களையும் வேண்டிய அளவு ஏற்றிக்கொண்டே போகலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. மைக்கில் பாடும் குரலுக்கு மட்டும் ஒரு கூரை இருக்கிறது. அந்தக் கூரையின் பெயர் ஃபீட்பேக், அதாவது அந்தக் கூவல். இன்னொரு பக்கம் தரையும் இருக்கிறது, அது டிரம்ஸ். டிரம்ஸுக்கு வால்யூம் குமிழ் கிடையாது, அது எவ்வளவு சத்தமோ அதுதான் அறையின் குறைந்தபட்ச சத்தம். குரல் இந்தத் தரைக்கும் கூரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். சின்ன அறையில் பல சமயம் தரை கூரைக்கு மேலே போய்விடுகிறது, அவ்வளவுதான் பிரச்சினை. ஆகவே செய்யக்கூடியவை இரண்டு: கூரையை உயர்த்துவது, தரையை இறக்குவது. இரண்டாவதுதான் அதிக பலன் தரும், ஆனால் முதலாவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள்.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நன்றாகக் குரலெடுத்துப் பாடுபவரின் சத்தம் ஒரு மீட்டர் தள்ளி 80, 90 டெசிபல் வாக்கில் இருக்கும். சின்ன அறைக்குள் குச்சியால் இயல்பாக அடிக்கும் டிரம்ஸ் 100 டெசிபலைத் தாண்டுவது சர்வசாதாரணம். டெசிபல் கணக்கு கொஞ்சம் விசித்திரமானது: ஒலியைப் பெருக்கும் ஆம்பின் சக்தியை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குச் சக்தி பத்து மடங்கு ஆக வேண்டும். 200 வாட்ஸ் ஸ்பீக்கரை 400 வாட்ஸாக மாற்றுவதால் கிடைப்பது அந்த 3 டெசிபல்தான், அதுவும் ஃபீட்பேக் வராமல் இருந்தால். ஏற்கனவே கூவிக்கொண்டிருக்கும் அமைப்பில் அதுகூடக் கிடைக்காது. கூவல் ஸ்பீக்கரின் பலக்குறைவால் வருவதில்லை, மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்வதால் வருகிறது.

சின்ன அறை இதை ஏன் மோசமாக்குகிறது? ஒலி ஒரு நொடியில் சுமார் 343 மீட்டர் போகும். சுவருக்குச் சுவர் 3 மீட்டர் என்றால், எதுவும் அதை உறிஞ்சாதவரை ஒரு நொடிக்குள் நூறு தடவைக்கு மேல் மோதித் திரும்பும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். மூடிய சின்ன அறையில் அந்தச் சலுகை சீக்கிரமே தீர்ந்துவிடும், கொஞ்ச தூரத்துக்குப் பிறகு எங்கே நின்றாலும் ஏறக்குறைய ஒரே இரைச்சல்தான். டிரம்மரைவிட்டு இரண்டடி தள்ளி நின்றால் சரியாகிவிடும் என்று நினைத்து நகர்பவர்களுக்கு ஏமாற்றம் மிஞ்சுவது இதனால்தான்.

கூரையை உயர்த்துவது: மைக்கும் ஸ்பீக்கரும்

ஃபீட்பேக் ஒரு சுற்று. மைக் எடுத்த ஒலி ஸ்பீக்கரில் வருகிறது, அது மறுபடி மைக்குக்குள் போகிறது, இன்னும் பெரிதாகி வெளியே வருகிறது. திரும்பி வரும் ஒலி முதலில் போனதைவிடக் கொஞ்சம் பலமாக இருந்தால் போதும், கூவல் கிளம்பிவிடும். எனவே நாம் செய்ய வேண்டியது வாய்க்கும் மைக்குக்கும் இடையே இருக்கும் தொடர்பைப் பலப்படுத்துவது, ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் இடையே இருப்பதைப் பலவீனமாக்குவது.

முதல் பாதி இலவசம். மைக்கை உதட்டோடு ஒட்டிப் பாடுங்கள். 5 சென்டிமீட்டரிலிருந்து 20 சென்டிமீட்டருக்கு வாயை விலக்கினால் சுமார் 12 டெசிபல் போய்விடும். அதை ஆம்பின் சக்தியால் ஈடுகட்டுவதென்றால் பதினாறு மடங்கு வேண்டும், 100 வாட்ஸ் இருக்கும் இடத்தில் 1600 வாட்ஸ்! மேடையில் பெரிய பாடகர்கள் மைக்கை விலக்கி விலக்கிப் பாடுவதைப் பார்த்து அதே ஸ்டைலைச் சின்ன அறையில் செய்பவர்களை நிறையப் பார்க்கலாம். அழகாக இருக்கும், கேட்காது. ஒட்டிப் பாடினால் குரலில் அடித்தொனி கூடிக் கொஞ்சம் குழம்பும், அதை மிக்சரில் (மைக்குகளைச் செருகி ஒலியைச் சரிசெய்யும் பெட்டி) சரிசெய்துகொள்ளலாம்.

இரண்டாவது பாதி, ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பது. பாடும் மைக்குகள் எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி கேட்பவை அல்ல. 1966இல் வந்து இன்றுவரை எங்கும் புழங்கும் ஷ்யூர் எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு வகை மைக், தனக்கு நேர் பின்னால் இருந்து வரும் ஒலியை மிகக் குறைவாக எடுக்கும். அதாவது மைக்கின் வால் பக்கம், கேபிள் செருகும் முனை, ஸ்பீக்கரைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பீட்டா 58ஏ போன்ற சூப்பர்கார்டியாய்டு மைக்குகளின் செவிட்டுப் பகுதி நேர் பின்னால் இல்லை, முன்பக்கத்திலிருந்து சுமார் 125 டிகிரியில், இரண்டு பக்கமும் சற்றுப் பின்வாங்கி இருக்கிறது. அதற்கு ஸ்பீக்கரைப் பின்னால் கொஞ்சம் பக்கவாட்டில் வைக்க வேண்டும். மைக் பெட்டிக்குள் வரும் தாளில் இந்த வரைபடம் இருக்கும், அதைத் தூக்கிப் போடாமல் ஒருமுறை பாருங்கள். அப்புறம், மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண். பின்பக்கத் துளைகளை மூடிவிட்டால் மைக்குக்குத் திசை தெரியாமல் போய்விடும், எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பிக்கும், உடனே கூவும்.

எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. மேடையில் டிரம்ஸ் பின்னால், பாடுபவர் முன்னால். அதே அமைப்பை பிராக்டிஸ் அறையிலும் போட்டுவிடுகிறார்கள். அப்போது மைக் எதைப் பார்க்கிறது என்று யோசியுங்கள். பாடுபவரின் வாயை, அவருக்குப் பின்னால் இரண்டு மீட்டரில் இருக்கும் சிம்பல்களையும் (டிரம்ஸின் உலோகத் தட்டுகள்) சேர்த்து. குரலை ஏற்றும் ஒவ்வொரு முறையும் சிம்பலும் ஸ்பீக்கரில் ஏறும். பிராக்டிஸில் பார்வையாளர் யாரும் கிடையாது, திரும்பி நின்று டிரம்மரைப் பார்த்துப் பாடலாம். மைக்கின் முதுகு டிரம்ஸ் பக்கம் போய்விடும், ஸ்பீக்கரையும் டிரம்ஸுக்குப் பக்கத்தில் பாடுபவரைப் பார்த்து வைக்கலாம், இரண்டுமே மைக்கின் செவிட்டுப் பக்கத்தில் அடங்கிவிடும். இதில் டிரம்மருக்குப் பாட்டு நேராகக் கேட்காது என்ற குறை உண்டு, அவருக்குத் தனியாக ஒரு சின்ன மானிட்டர் ஸ்பீக்கரோ இயர்போனோ கொடுத்தால் தீர்ந்தது. முகம் பார்த்து வாசிப்பதால் பாட்டின் முடிவுகளைச் சேர்ந்து பிடிப்பதும் எளிது என்பது கூடுதல் லாபம்.

ஸ்பீக்கரைத் தரையில் வைக்காதீர்கள். குரலில் சொல் புரிவதற்கு மெய்யெழுத்துகள் முக்கியம், குறிப்பாக க, ச, ட, த மாதிரி வெடித்தும் உரசியும் வரும் ஒலிகள். அவற்றின் அடையாளம் பெருமளவு 2000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் இருக்கிறது, அந்த மேல்சுருதி ஒலிகள் நேர்கோட்டில் போகும், நடுவில் மனித உடம்போ ஆம்போ நின்றால் அங்கேயே நின்றுவிடும். ஸ்டாண்டில் காது உயரத்துக்கு ஏற்றினால் வால்யூமைத் தொடாமலே பாட்டு தெளிவாகும். மூலையிலும் திணிக்க வேண்டாம், மூலை கீழ்ச்சுருதியை ஊதிப் பெருக்கும்.

கிட்டார் ஆம்பில் மைக்கைச் செருகிப் பாடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேறு வழியே இல்லையென்றால் செய்யலாம், ஆனால் கிட்டார் ஸ்பீக்கர்கள் பொதுவாக 5000 ஹெர்ட்ஸ் வாக்கிலேயே படுத்துவிடும்படி செய்யப்பட்டவை, குரல் போர்வைக்குள் இருந்து பேசுவதுபோலத்தான் வரும். கீபோர்டு ஆம்ப் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

இரண்டு மூன்று பேர் பாடுகிறீர்களா? திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பாகும்போதெல்லாம் கூரை சுமார் 3 டெசிபல் இறங்கும். பயன்படாத மைக்கை அணைத்து வையுங்கள். சின்ன அறையில் டிரம்ஸுக்கு மைக் போட்டு ஸ்பீக்கரில் விடுபவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தரையை இறக்குவது: வாத்தியங்கள்

இங்கேதான் நட்பு சோதிக்கப்படும். டிரம்மரிடம் சத்தம் குறைத்து வாசி என்று சொல்வது எளிது, சத்தம் குறைத்து, ஆனால் உயிரோடு வாசிப்பது உண்மையிலேயே ஒரு திறமை, அது பழகப் பழகத்தான் வரும். அதுவரை உதவிக்கு மெல்லிய மரக்குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய ராட்ஸ் இருக்கிறது, பிரஷ் இருக்கிறது, டிரம் தோல் மேலும் சிம்பல் மேலும் ஒட்டும் ஜெல் துண்டுகளும் துணியும் இருக்கின்றன. சிம்பல்தான் குரலுக்கு முதல் எதிரி, ஸ்னேர் டிரம்மை விட்டுவிட்டு அதை முதலில் அடக்குங்கள். மின் டிரம்ஸ் இருந்தால் சண்டையே இல்லை, தரைக்கும் ஒரு வால்யூம் குமிழ் கிடைத்துவிடும்.

கிட்டார்காரரின் பிரச்சினை வேறு. அவருடைய ஆம்ப் தரையில் இருக்கிறது, ஒலியைக் கணுக்காலில் அடிக்கிறது. கிட்டார் ஸ்பீக்கரின் மேல்சுருதி ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி நேரே போகும், அவர் காதுக்கு ஏறாது. கேட்கவில்லையே என்று அவர் ஏற்றுவார், ஆனால் அந்த வெளிச்சத்தின் நேர்க்கோட்டில் மூன்றடி தள்ளி நிற்கும் பாடகருக்குக் காது கிழியும். ஆம்பை நாற்காலி மேல் ஏற்றியோ பின்பக்கம் சாய்த்தோ அவர் காதையே பார்க்கும்படி வைத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் அவராகவே குறைப்பார். சொல்லிக் குறைக்க வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அதே கிட்டார்காரர் வீட்டில் தனியாக வாசிக்கும்போது அடித்தொனியையும் ட்ரெபிளையும் (மேல்சுருதி) ஏற்றி, மிட்ஸை (நடுச்சுருதி) குடைந்து எடுத்து ஒரு டோன் வைத்திருப்பார். தனியாகக் கேட்டால் பிரமாதமாக இருக்கும். பேண்டோடு சேர்ந்ததும் அடிப்பகுதியை பேஸ் விழுங்கிவிடும், மேற்பகுதியை சிம்பல் விழுங்கிவிடும், மிச்சமாக இருக்க வேண்டிய மிட்ஸ் இல்லாததால் அவருடைய கிட்டார் கேட்கவே கேட்காது, ஆகவே வால்யூமை ஏற்றுவார். அடித்தொனியையும் டிஸ்டார்ஷன் என்ற கரகரப்பையும் குறைத்து மிட்ஸைக் கொஞ்சம் திருப்பிக் கொண்டுவந்தால் குறைந்த சத்தத்திலேயே அவர் தெரிவார். ஒரு ஒலி இன்னொன்றை மறைப்பதற்கு அது பல நேரம் அதே சுருதிப் பகுதியில் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். கிட்டாரும் கீபோர்டின் வலதுகையும் குரலும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும்போது தோற்பது எப்போதும் குரல்தான், ஏனென்றால் கூரை அதற்கு மட்டும்தான். பாட்டு வரும் இடங்களில் கீபோர்டு வேறு ஆக்டேவுக்கு (ஸ்தாயிக்கு) போவதும், கிட்டார் இரண்டு தந்திகளோடு நிறுத்திக்கொள்வதும் எந்தக் கருவியும் வாங்காமல் கிடைக்கும் தெளிவு. சத்தமாக இருக்கும் பல பேண்டுகளுக்கு உண்மையில் வேண்டியது குறைவாக வாசிப்பதுதான் என்பது என் கருத்து, சிலருக்குக் கோபம் வரலாம்.

பேஸுக்கு வருவோம். 4 மீட்டர் நீள அறையில், சுவர்களுக்கிடையே அடிப்படையாக நின்று அதிரும் சுருதி சுமார் 43 ஹெர்ட்ஸ். நான்கு தந்தி பேஸின் தடித்த தந்தியைத் திறந்து மீட்டினால் 41 ஹெர்ட்ஸ், அடுத்த சுரம் 44க்குப் பக்கத்தில். அதனால்தான் சில சுரங்கள் மட்டும் திடீரென்று அறையையே நடுக்குகின்றன, மற்றவை காணாமல் போகின்றன. பேஸ்காரர் மேல் பழி போடாதீர்கள். ஆம்பை மூலையிலிருந்து வெளியே இழுத்து, அடித்தொனியைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.

மிக்சரில் என்ன செய்வது

அதிகம் இல்லை. குரல் சேனலில் லோ கட் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதில் பாட்டுக்குத் தேவையானது பெரிதாக ஒன்றும் இல்லை, பேஸும் கிக் டிரம்மும்தான் மைக் வழியாக அதில் நுழைகின்றன. 250 முதல் 400 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைத்தால் குழம்பல் தெளியும். தெளிவு வேண்டும் என்று ட்ரெபிளை முழுக்க ஏற்றினால் கூவல்தான் முதலில் வரும். அந்தக் கூவலைக் காதால் அடையாளம் காணலாம்: "ஊ" என்று ஊளையிட்டால் சில நூறு ஹெர்ட்ஸில், "ஆ" போல் இருந்தால் 1000 பக்கம், "ஈ" என்று விசிலடித்தால் 2000க்கு மேல். கிராஃபிக் ஈக்யூ (ஒவ்வொரு சுருதிப் பகுதிக்கும் தனித்தனிப் பட்டை உள்ள கருவி) இருந்தால் அந்த ஒரே பட்டையை மட்டும் இறக்குங்கள். ரிவர்ப் என்ற செயற்கை எதிரொலி வேண்டாம், அறையிலேயே தேவைக்கு மேல் இருக்கிறது. பலத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரும் மெல்லிய ஒலிகளைத் தூக்கிவிட்டுக் கூவலை அருகில் கொண்டுவரும், ஆகவே அதையும் ரெக்கார்டிங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட வரிசை முக்கியம். பெரும்பாலும் டிரம்மர் முதலில் அடிக்க ஆரம்பிப்பார், பிறகு பேஸ், பிறகு கிட்டார் அதற்கு மேலே, கடைசியில் பாடகர் "எனக்குக் கொஞ்சம் ஏத்துங்க" என்பார். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் பாடகர் மட்டும், உண்மையில் பாடும் அதே பலத்தில் பாடட்டும். கூவல் எட்டிப்பார்க்கும் வரை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம், ஒரு 5 டெசிபல், இறக்குங்கள். இதுதான் இன்றைய கூரை. இப்போது டிரம்மர் இதற்குக் கீழே அடங்கி வாசிக்கட்டும். பிறகு பேஸ், பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக. யார் சேர்ந்ததும் பாட்டு மறைகிறதோ அவர் குறைக்க வேண்டும், விவாதம் கிடையாது. யார் மேல் தப்பு என்ற பேச்சே வராது என்பதால் இந்த முறை எனக்குப் பிடிக்கும்.

ஒரு மணி நேரம் கழித்து சத்தம் தானாக ஏறியிருக்கும். அதற்குக் காரணம் உண்டு. இரைச்சலில் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான், பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லோம்பார் 1911இல் இதை விவரித்ததால் லோம்பார் விளைவு என்றே பெயர். வாசிப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். போதாக்குறைக்கு, அதிக சத்தத்தில் காது தற்காலிகமாக மந்தமாகும், மந்தமானதால் இன்னும் ஏற்றுவோம். பத்து நிமிடம் வெளியே போய்விட்டு வந்து, குமிழ்களைப் பழைய இடத்துக்குத் திருப்புங்கள். டேப் ஒட்டிக் குறித்து வைத்திருந்தால் யாரும் மறுக்க முடியாது.

சுவர்கள்

முட்டை அட்டை ஒட்டாதீர்கள். அது சத்தம் வெளியே போவதைத் தடுக்காது, உள்ளேயும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்யாது, தீப்பிடிக்கும் ஆபத்துதான் மிச்சம். மெல்லிய ஃபோமும் மேல்சுருதியை மட்டும் தின்னும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், இரண்டு சென்டிமீட்டர் ஃபோமால் அதை என்ன செய்ய முடியும்? 10 சென்டிமீட்டர் தடிமனில் ராக்வுல் (கல்லிலிருந்து செய்யும் பஞ்சு) பலகைகளைத் துணி சுற்றி, சுவரிலிருந்து கொஞ்சம் இடைவெளி விட்டு மாட்டினால் நல்ல பலன் தெரியும். ஒரே ஒரு பலகைக்குத்தான் வசதி என்றால் அதைப் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் வையுங்கள், ஏனென்றால் மைக் பார்ப்பது அந்தச் சுவரைத்தான், அங்கே மோதித் திரும்பும் ஒலி நேராக அதன் வாய்க்குள் போகிறது. பணமே இல்லையென்றால் அதே இடத்தில் தடித்த மெத்தையை நிமிர்த்தி வைக்கலாம், கனமான போர்வையைத் தொங்கவிடலாம், டிரம்ஸுக்குக் கீழே கம்பளம் விரிக்கலாம். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாமல் தடுப்பது முற்றிலும் வேறு வேலை, அதற்குக் கனமான சுவரும் காற்றுப்புகாத கதவும் வேண்டும், இந்தப் பலகைகள் அதற்கு உதவாது.

காதுகள், இயர்போன்கள்

அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில்சார் பாதுகாப்பு நிறுவனத்தின் வரம்பு இப்படிப் போகிறது: 85 டெசிபலில் 8 மணி நேரம், அதற்குமேல் 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணி நேரம், 100இல் 15 நிமிடம். சாதாரண பிராக்டிஸ் இரண்டு மணி நேரம் நடக்கும், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இசைக்கலைஞர்களுக்கென்று விற்கும் காதடைப்பான்கள் எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும், சாதாரண ஃபோம் அடைப்பான் மேல்சுருதியை அதிகமாகக் குறைத்து மந்தமாக்கும். பாடுபவர் காதை அடைத்தால் தன் குரல் எலும்பு வழியாகத் தலைக்குள் பெரிதாக ஒலிக்கும், முதலில் சங்கடமாக இருக்கும், சுருதி பிடிக்க அது உதவுவதாகச் சொல்பவர்களும் உண்டு.

எல்லாம் செய்தும் போதவில்லை என்றால் இயர்போன். மிக்சரிலிருந்து சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப் வழியாகப் பாடுபவருக்கு மட்டும் ஒன்று கொடுத்தாலே அவருக்கு ஃபீட்பேக் கூரை போய்விடும், தான் பாடுவது கேட்பதால் கத்துவதை நிறுத்துவார். இரண்டு காதிலும் போடச் சொல்லுங்கள், ஒற்றைக் காதில் போட்டால் திறந்த காதின் இரைச்சலோடு போட்டிபோட்டு வால்யூமை ஏற்றிக்கொண்டே போவார். மற்றவர்களுக்கும் பாட்டு கேட்க வேண்டுமே என்பதால் ஸ்பீக்கரை அணைக்க முடியாது, ஆனால் பாடுபவருக்காக ஏற்ற வேண்டிய அவசியம் போய்விட்டதால் அதைத் தாராளமாக இறக்கலாம். மின் டிரம்ஸும் நேராக மிக்சரில் செருகும் கிட்டாரும் இருந்தால் எல்லோரும் ஹெட்ஃபோனுக்கு மாறிவிடலாம், ஆளுக்கொரு கலவை வேண்டுமென்றால் மிக்சர் வாங்கும்போது ஆக்ஸ் அவுட் (தனிக் கலவையை வெளியே அனுப்பும் துளை) எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.